வெள்ளைப் புடவையும் ஓர் உயிலும்

நடுராத்திரி. அடைமழை. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஒரு டாக்டர் தனியாகக் காரோட்டி வருகிறான். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண் நிற்பது தெரிகிறது. பாவம், இந்த மழையில் எங்கே போவாள் என்று ஏற்றிக்கொள்கிறான். அவள் ஏறி உட்கார்ந்ததும் வைப்பர் நின்றுபோகிறது. கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. அவனுக்குச் சாலையே தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது. இப்படித் திரும்புங்கள், அப்படிப் போங்கள் என்று நிதானமாக வழி சொல்கிறாள். போய்ச் சேர்ந்த இடம் ஒரு கல்லறைத் தோட்டம்.

1964-ல் வெளிவந்த 'வோ கௌன் தீ?' என்ற இந்திப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. இயக்கம் ராஜ் கோஸ்லா. டாக்டராக மனோஜ் குமார், வெள்ளைப் புடவையில் சாதனா, இசை மதன் மோகன். இரண்டே வருடத்தில் அது சென்னைக்கு வந்து 'யார் நீ?' ஆனது. தயாரித்தவர் பி.எஸ்.வீரப்பா. திரையில் தன் சிரிப்பாலேயே குழந்தைகளை அழவைத்த அதே வீரப்பாதான். சத்யம் இயக்க, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தார்கள். மதன் மோகனின் மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வேதா, வரிகள் கண்ணதாசன், குரல் பி.சுசீலா. அதே 1966-ல் தெலுங்கில் 'ஆமே எவரு?' என்று ஜக்கையாவோடு இன்னொரு பதிப்பு வந்தது. அதிலும் பேயாக அலைந்தவர் ஜெயலலிதாதான். ஒரே வருடத்தில் இரண்டு மொழியில் ஒரே பேய்!

இந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மழையைச் சொல்வார்கள், காரைச் சொல்வார்கள், தூரத்தில் கேட்கும் 'நானே வருவேன்' பாட்டைக் கட்டாயம் சொல்வார்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் கொஞ்சம் முழிப்பார்கள். எனக்கோ அந்தப் பதினைந்து நிமிடம்தான் முக்கியம். படத்தின் மர்மமெல்லாம் அங்கே அவிழ்கிறது. அவிழ்ந்த முடிச்சுக்குள் இருப்பது பேயல்ல, ஓர் உயில்.

கதை இதுதான் (அறுபது வருடம் ஆகிவிட்டது, முடிவைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்). டாக்டருக்குத் தூரத்துச் சொந்தத்தின் வழியாகப் பெரிய சொத்து வரவேண்டியிருக்கிறது. அவன் சித்தசுவாதீனத்தோடு இருந்தால்தான் அது அவனுக்கு. புத்தி பேதலித்துவிட்டால் அடுத்த வாரிசுக்குப் போய்விடும். அந்த அடுத்த வாரிசுதான் டாக்டரைப் பைத்தியமாக்கத் திட்டம் போடுகிறான். கல்லறைக்கு வழி சொன்னவளும் டாக்டர் தாலி கட்டி வீட்டுக்கு அழைத்துவந்தவளும் ஒரே முகம் கொண்ட இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி சதிக்கு உடந்தை. இன்னொருத்திக்கு எதுவுமே தெரியாது. தாலி கட்டியவனே தன்னைப் பேய் என்று நினைத்து ஒதுக்க, ஏன் என்றே தெரியாமல் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கிறாள். படத்தின் உண்மையான துயரம் அவளுடையது.

*

'யார் நீ?' படத்தை நான் முதலில் பார்த்தது தொலைக்காட்சியில், என் பாட்டியோடு. மழைக் காட்சியில் நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள, பாட்டி பாக்கு வெட்டிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்: "சொத்து எங்கேயோ இருக்குடா. இல்லேன்னா பேய் எதுக்கு வரப்போகுது?" படம் முடியும்போது அது சரியாக இருந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். பாட்டிக்கு ஷெர்லாக் ஹோம்ஸைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அவளுடைய அக்காவை.

அந்தப் பெரிய பாட்டிக்கு இருபது வயதுகூட ஆகாதபோது புருஷன் செத்துப்போனான். பங்குக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. பிள்ளை இல்லை. கொஞ்ச நாளில், கிணற்றடியில் தனியாகப் பேசுகிறாள், ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுகிறாள் என்று கொழுந்தன்மார் வீட்டில் பேச்சு கிளம்பியது. இருபது வயதில் தாலி அறுத்த பெண் ராத்திரி அழாமல் வேறு எப்போது அழுவாள்? கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்தான். பிறகு தூரத்தில் ஒரு கோயிலில் கொண்டுபோய் மூன்று மண்டலம் விட்டார்கள். அவள் தெளிந்து திரும்பி வந்தபோது நிலம் கைமாறியிருந்தது. பத்திரத்தில் அவளுடைய கைநாட்டு இருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பாள்: "பேய் புடிச்சவ கைநாட்டு வெப்பாளாடா?"

பேய்க்கும் பத்திரத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. பீகார் அரசு 1999-ல் பெண்களைச் சூனியக்காரிகள் என்று முத்திரை குத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தப் பகுதிகளில் முத்திரை விழுந்தவர்களில் நிலமுள்ள விதவைகள் பலர். ஆக, துப்பறியும் கதை பேயை விசாரிக்கும்போது அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. யாரைப் பேய் என்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்ற கேள்வியை அது கேட்கிறது. அந்தக் கேள்வி எங்கே பிறந்தது, நம் திரைக்கு எந்த வழியாக வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

*

இங்கிலாந்தில் 1764-ல் ஹொரேஸ் வால்போல் 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலை எழுதினார். வானத்திலிருந்து பிரம்மாண்டமான இரும்புத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். அதில் வரும் அமானுஷ்யம் நிஜமான அமானுஷ்யம். ஆனால் அங்கேயும் பிரச்சினை என்னவோ, கோட்டை யாருக்குச் சேர வேண்டும் என்பதுதான். முப்பது வருடம் கழித்து, 1794-ல், ஆன் ராட்கிளிஃப் 'உடால்ஃபோ மர்மங்கள்' எழுதினார். அவர் வேறு வழி கண்டுபிடித்தார். பக்கம் பக்கமாகப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் திரைக்குப் பின்னால் இருந்தது என்ன, முனகல் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிவிடுவார். வாசகருக்குப் பேயும் கிடைத்தது, பகுத்தறிவும் கிடைத்தது.

இந்த இரண்டையும் சட்டத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டவர் வில்கி காலின்ஸ். 1859-60-ல் சார்லஸ் டிக்கன்ஸின் பத்திரிகையில் தொடராக வந்த 'வெள்ளை உடைப் பெண்' நாவலில், நள்ளிரவில் ஆளில்லாத சாலையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் கதாநாயகன் முன்னால் வந்து நிற்கிறாள். ராஜ் கோஸ்லாவின் மழைக்காட்சிக்கு நூறு வருடத்து மூத்த அக்காள் இவள். அவள் பேயல்ல, மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வந்தவள். அவளைப் போலவே முகச்சாயல் கொண்ட லாரா என்ற பணக்காரப் பெண்ணின் பெயரில் 20,000 பவுண்டு இருக்கிறது. அவள் செத்தால் அது புருஷனுக்கு. புருஷன் என்ன செய்கிறான்? சாகக் கிடந்த ஏழைப் பெண்ணை லாரா என்று சொல்லிப் புதைத்துவிட்டு, உயிருள்ள லாராவை அந்த ஏழைப் பெண்ணின் பெயரில் காப்பகத்தில் அடைக்கிறான். இரட்டை முகம், வெள்ளை உடை, பைத்தியப் பட்டம், சொத்து என எல்லாமே அங்கே தயாராக இருக்கின்றன.

அப்போது இங்கிலாந்தில் பொதுச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்து கிடையாது. அவள் சட்டத்தின் கண்ணில் புருஷனுக்குள் கரைந்துபோனவள். 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. சட்டப்படி இல்லாத ஒருத்தியைப் பேயாக எழுதுவதற்குப் பெரிய கற்பனைகூடத் தேவையில்லை.

பிறகு கானன் டாயில். 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த பாஸ்கர்வில் குடும்பத்து வேட்டைநாய்க் கதையைத் தெரியாதவர்கள் குறைவு. டார்ட்மூர் சதுப்பு நிலம், குடும்பத்தைத் துரத்தும் சாபம், இருட்டில் வாயில் நெருப்பு ஒளிரும் நாய். கடைசியில் அது பாஸ்பரஸ் தடவிய சாதாரண நாய். ஏவியவன் அடையாளத்தை மறைத்து வாழும் இன்னொரு வாரிசு. இந்தக் கதையில் பேயை இப்படி ஈவிரக்கமில்லாமல் விரட்டிய டாயில், பிற்காலத்தில் ஆவிகளோடு பேச முடியும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். இரண்டு சிறுமிகள் எடுத்த தேவதைப் புகைப்படங்களை நம்பி 1922-ல் ஒரு புத்தகமே போட்டார். ஆனால் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து கட்டளைகள் வகுத்து, அதில் அமானுஷ்யம் கூடவே கூடாது என்று விதித்த ரொனால்ட் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! நம்பிக்கை உள்ளவர்கள்தான் கதைக்குள் பேயை விடாமல் கறாராக இருந்திருக்கிறார்கள்.

*

டார்ட்மூர் நாய் இந்தியத் திரைக்கு வங்காளம் வழியாக வந்தது. அஜய் கர் இயக்கி 1951-ல் வந்த 'ஜிகாங்ஸா', அதற்கு இசை ஹேமந்த முகர்ஜி. அதே ஹேமந்த், ஹேமந்த் குமார் என்ற பெயரோடு பம்பாயில் தயாரிப்பாளராகி 1962-ல் எடுத்த படம் 'பீஸ் சால் பாத்'. இயக்கியவர் பீரேன் நாக், அடிப்படையில் கலை இயக்குநர். அதனால்தானோ என்னவோ அந்தப் படத்தில் நடிகர்களைவிடப் பாழடைந்த மாளிகையும் சதுப்பு நிலமும் நன்றாக நடித்திருக்கும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னோடி 1949-ல் வந்த 'மஹல்'. பாம்பே டாக்கீஸ் தயாரிப்பு, கமால் அம்ரோஹி இயக்கம், அசோக் குமாரும் மதுபாலாவும். ஒளிப்பதிவு ஜோசப் விர்ஷிங். ஜெர்மனியிலிருந்து பம்பாய் வந்து, இரண்டாம் உலகப் போரின்போது எதிரிநாட்டான் என்று முகாமில் அடைக்கப்பட்டு, வெளியே வந்து மறுபடி கேமராவைத் தொட்டவர். கரும் நிழல், ஒற்றை ஒளிக்கீற்று, ஆடும் சரவிளக்கு என இந்தியப் பேய்ப் படத்தின் முகம் அவர் கேமராவில் உருவானது.

இந்தப் படங்களில் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் பயமுறுத்தியது நாயின் ஊளை. இங்கே பயமுறுத்துவது பெண்ணின் பாட்டு. 'மஹல்', 'பீஸ் சால் பாத்', 'வோ கௌன் தீ?' மூன்றிலும் லதா மங்கேஷ்கரின் குரல் உடம்பில்லாமல் மிதந்து வருகிறது. யோசித்துப் பார்த்தால் பின்னணிப் பாட்டே ஒரு பேய் வேலைதான். குரல் ஒருத்தியுடையது, உதடு இன்னொருத்தியுடையது. 'மஹல்' படத்தின் இசைத்தட்டு முதலில் வந்தபோது பாடியவர் பெயராக அச்சிடப்பட்டது, கதையில் வரும் 'காமினி' என்ற பாத்திரத்தின் பெயர். லதாவே அங்கே இல்லை! உயிரோடு இருக்கும் பாடகியைக் காணாமல் ஆக்கிவிட்டு, இல்லாத பேயின் பெயரைத் தட்டில் போட்டார்கள்.

சரி, ஏன் இந்தக் காலகட்டத்தில் இத்தனை மாளிகைகள்? இங்கேதான் சரித்திரம் வருகிறது. 1948-ல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் போட்டது. 1950-களின் தொடக்கத்தில் பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம் என்று வரிசையாக நடந்தது. ஊருக்கு ஊர் பெரிய வீடுகள் வருமானம் இல்லாமல் நின்றன. 'மஹல்' கதையில் அந்த மாளிகை ஏலத்தில் வாங்கப்பட்டதுதான். அங்கே பேயாக நடிப்பவள் தோட்டக்காரனின் மகள். பேயாக இருந்தால்தான் அவளால் அந்த மாடியில் நடமாட முடியும், மனுஷியாக இருந்தால் தோட்டத்தோடு சரி. 'பீஸ் சால் பாத்'தில் கொலைகாரன் யார் தெரியுமா? அந்த வீட்டுத் தாக்கூரால் கெடுக்கப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட பெண்ணின் தகப்பன். டாயில் கதையில் குடியானவன் மகள் ஒரு பழைய ஏட்டுச்சுவடிச் செய்தியாக வந்து செத்துப்போகிறாள். அதற்குமேல் யாரும் அவளுக்காக அழுவதில்லை. இந்திப் படம் அவளுக்கு ஒரு தகப்பனைக் கொடுத்தது. காலி மாளிகைக்குள் அலைவது செத்த ஜமீன்தார்கள் அல்ல, அவர்கள் தீர்க்காத கணக்கு. சமகாலத்தில் நடந்த நில உரிமை மாற்றத்தை நம் சினிமா நேரடியாகப் பேசியதைவிட இப்படிப் பேயை வைத்துப் பேசியது அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

தமிழுக்கு வருவோம். துப்பறிதல் நமக்குப் புதிதல்ல. பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894-லேயே வந்துவிட்டது. 1908-ல் ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', துப்பறியும் கோவிந்தனோடு. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று பெரிய வரிசை. திரையில் 'திகம்பர சாமியார்' 1950-ல், பாட்டே இல்லாத 'அந்த நாள்' 1954-ல். அந்தக் கதைகளில் கொலை உண்டு, ஆள்மாறாட்டம் உண்டு, சாமியார் வேஷம் உண்டு. குளிர்ந்த பேய்க்காற்று மட்டும் அவ்வளவாக வீசவில்லை. அந்தக் காற்றை முழுசாகக் கொண்டுவந்தது 'யார் நீ?' போன்ற படங்கள்தான்.

ஆனால் இந்தியிலிருந்து தமிழுக்கு வந்தபோது யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. அது புடவையின் நிறம். காலின்ஸின் நாட்டில் வெள்ளை மணப்பெண்ணின் நிறம். நம்மிடம் அது தாலி அறுத்தவளின் நிறம். ஜெயலலிதா தமிழில் அறிமுகமான படம் 1965-ல் ஸ்ரீதர் எடுத்த 'வெண்ணிற ஆடை'. அதில் அவர் கணவன் இறந்த அதிர்ச்சியில் புத்தி தடுமாறிய இளம் விதவை. குணமானதும் அவளுக்குக் கிடைப்பது அந்த வெள்ளை ஆடைதான். அடுத்த வருடமே அதே நடிகை வெள்ளைப் புடவையில் மழையில் நிற்கிறார், இப்போது பேயாக. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த சென்னை ரசிகருக்கு அந்த உருவம் பம்பாய் ரசிகருக்குத் தெரிந்ததைவிட வேறாகத்தான் தெரிந்திருக்கும். ராத்திரியில் வெளியே நிற்கக் கூடாதவள், நல்ல காரியத்தில் எதிரே வரக் கூடாதவள், கண்ணில் பட்டாலே ஆகாது என்று ஒதுக்கப்பட்டவள். நாம் பேய்க்குச் சொல்லும் விதிகள் எல்லாம் விதவைக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டவை.

சட்டமும் அந்த நேரத்தில்தான் மாறியது. 1937-ன் சட்டப்படி இந்து விதவை புருஷனின் பங்கை அனுபவிக்கலாம், தன்னிஷ்டத்துக்கு விற்க முடியாது. 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளை முழு உரிமைக்காரி ஆக்கியது. மகள்களும் தகப்பன் சொத்தில் வாரிசானார்கள். வெள்ளைப் புடவைக்காரிக்கு முதல்முறையாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்த பத்தாவது வருடத்தில், அவளைப் பார்த்து ஊரே பயப்படும் படம் ஓடியது. இதில் நேரடிக் காரண காரியம் இருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. படம் எடுத்தவர்கள் சட்டப் புத்தகத்தைப் பார்த்து எடுக்கவில்லை, இந்திப் படத்தைப் பார்த்து எடுத்தார்கள். ஆனால் ஒரு கதை ஏன் ஒரு ஊரில் பற்றிக்கொள்கிறது என்பதற்கு எடுத்தவர்கள் மட்டும் காரணமல்ல, பார்த்தவர்களும் காரணம்.

*

படத்தின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வோ கௌன் தீ?' என்றால் 'அவள் யார்?' படர்க்கை. மூன்றாம் ஆளிடம் விசாரிக்கும் தொனி, போலீஸ்காரன் கேட்பது போல. தமிழில் அது 'யார் நீ?' என்று முன்னிலை ஆனது. இந்தக் கேள்வி நமக்கு ரொம்பப் பழக்கம். உடுக்கை அடித்துப் பேயோட்டும் கோடாங்கி முதலில் கேட்பது அதுதானே? "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்தே? என்ன வேணும், சொல்லு." பேய் பதில் சொல்லியாக வேண்டும். தன் பெயர், ஊர், எப்படிச் செத்தேன், யார் காரணம், எல்லாம். ஊர் கூடி நிற்கும்போது, வேறு எப்போதும் வாய் திறக்க முடியாத ஒரு பெண்ணின் வாய் வழியாக, ஊர் மூடி மறைத்த ஒரு சாவு வெளியே வரும். துப்பறிவாளர் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துச் செய்யும் வேலையை எங்களூர் வேப்பமரத்தடியில் உடுக்கையோடு செய்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம், பெரிய வித்தியாசம். இங்கே பேய் வாதி. புகார் கொடுக்க வந்தவள்.

பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. புருஷன் அவளைக் கொன்றுவிடுகிறான். அவன் மறுபிறவியில் வணிகனாக வரும்போது நீலி பேயாக வந்து வழிமறிக்கிறாள். எப்படி? அவன் மனைவி வேஷத்தில், கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. எங்கே போகிறாள்? இருட்டில் பாய்ந்து கழுத்தைக் கடிக்கவில்லை. நேராக வேளாளர் சபைக்குப் போகிறாள். இவர் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறார் என்று அழுது வழக்காடுகிறாள். சபையார் எழுபது பேர் அவள் அழுகையை நம்பி, அவனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாங்கள் உயிரை விடுகிறோம் என்று உறுதி கொடுக்கிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குழியில் இறங்குகிறார்கள். சபையாரின் வாய்மைக்குப் புகழ் கிடைத்தது. நீலிக்குக் கிடைத்தது ஒரு வசவு. பொய்யாக அழுவதை 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். கொலை செய்யப்பட்டவள் அவள், ஆனால் மொழி கொன்றவன் பக்கம் சாய்ந்துவிட்டது. தினமும் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஒரு சொல்லுக்குள் விசாரிக்கப்படாத கொலை ஒன்று கிடக்கிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 'யார் நீ?' செய்தது என்ன என்று தெரியும். வாதியாக இருந்த பேயை அது குற்றவாளியின் கருவியாக மாற்றியது. வெள்ளைப் புடவை இனி ஒரு வேஷம். பாட்டு ஓர் ஏற்பாடு. இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பேய் என்று யாரும் இல்லை, பேய் என்று சொல்பவன் ஒருவன் இருக்கிறான், அவன் சட்டைப் பையைத் தேடு என்று அது ரசிகருக்குச் சொல்லிக்கொடுத்தது. என் பாட்டியின் அக்காவுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நஷ்டம், நீலிக்கு. பேய் பொய் என்று ஆனவுடன் அவள் சொல்ல வந்த புகாரும் பொய் ஆகிவிடுகிறது.

*

இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முடியாதா? முடியும் என்று காட்டிய படம், 'வோ கௌன் தீ?' வந்த அதே 1964-ல் மலையாளத்தில் வந்தது. வைக்கம் முகமது பஷீர் தன் 'நீலவெளிச்சம்' கதையிலிருந்து திரைக்கதை எழுத, ஸ்ரீதர் படங்களின் ஒளிப்பதிவாளர் வின்சென்ட் முதன்முதலாக இயக்கிய 'பார்கவி நிலையம்'. ஓர் எழுத்தாளன் பேய் வீட்டுக்குக் குடிவருகிறான். காதல் தோல்வியில் கிணற்றில் விழுந்து செத்தவள் பார்கவி என்று ஊர் சொல்கிறது. அவன் பேயைப் பார்த்து ஓடவில்லை. பார்கவிக்குட்டி, சௌக்கியமா என்கிற பாவனையில் அவளோடு பேசிக்கொண்டே அவள் கதையை எழுத ஆரம்பிக்கிறான். எழுத எழுத அது விசாரணை ஆகிறது. அவள் விழவில்லை, தள்ளப்பட்டாள் என்று தெரிகிறது. பேயும் நிஜம், கொலையும் நிஜம். துப்பறிபவன் பேயின் வக்கீல். இந்த வகைப் படங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் நிஜமாகவே ஒரு பேய்த் துப்பறிவாளர் இருந்தார். ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, இலங்கையிலேயே வாழ்ந்து 1978-ல் மறைந்தவர். அற்புதம் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டிருந்தார். யாரும் ஜெயிக்கவில்லை. கூரையில் கல் விழும் வீடு, பேய் பிடித்த பெண் என்று அழைப்பு வந்தால் போய் விசாரிப்பார். பல சமயம் கல்லை எறிந்தது அந்த வீட்டிலேயே வாய்திறக்க முடியாமல் கிடந்த ஒருவர்தான் என்று தெரியவரும். அவரது வழக்குக் குறிப்பிலிருந்து மலையாளத்தில் 'புனர்ஜன்மம்', தமிழில் 'மறுபிறவி' என்று படங்கள் வந்தன. பேய் இல்லை என்பதோடு அவர் நிறுத்தவில்லை, பேய் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டார்.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1967-ல் ஏவி.எம். 'அதே கண்கள்' எடுத்தது. திருலோகசந்தர் இயக்கம், இசை அதே வேதா. படம் கலரில். கலர் வந்ததும் நிழல் போனது, முகமூடி போட்ட ஆள் வந்தான். எழுபதுகளின் இறுதியில் 'ஆயிரம் ஜென்மங்கள்' வந்தபோது பேய் நிஜமாகிவிட்டது. விளக்கம் கேட்கும் பழக்கம் தளர்ந்தது. 1993-ல் மலையாளத்தின் 'மணிச்சித்திரத்தாழ்', 2005-ல் தமிழில் 'சந்திரமுகி'. அங்கே துப்பறிபவர் மனநல மருத்துவர், பேய் ஒரு நோய். 2012-ல் கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா', இந்தப் பரம்பரை முழுவதையும் தெரிந்துவைத்திருந்த படம். முக்கால் படம் பேய்க்கதை, பிறகு அது வைரத்தை அமுக்க ஒரு காதல் ஜோடி கட்டிய கதை என்று தெரிகிறது. பாட்டி இருந்திருந்தால், "நான் சொல்லல?" என்றிருப்பாள். ஆனால் கடைசி நிமிடத்தில் பொய் சொன்னவன் போய் நிற்கும் வீட்டில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது.

பயத்தின் சுகத்துக்காக இந்தப் படங்களைப் பார்க்கிறோம், தப்பில்லை. ஆனால் வெள்ளைப் புடவையில் ஒருத்தி திரையில் வந்து நிற்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் உண்டு. இவளைப் பேய் என்று சொல்வதால் யாருக்கு என்ன வரும்? இது துப்பறிவாளரின் கேள்வி. உனக்கு என்னம்மா நடந்தது, சொல்லு? இது கோடாங்கியின் கேள்வி, பஷீரின் கேள்வி. முதல் கேள்வியை மட்டும் கேட்டால் சொத்து உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும், படமும் முடிந்துவிடும். இரண்டாவதைக் கேட்காதவரை நீலி அழுதுகொண்டேதான் இருப்பாள். நாமும் அதை நீலிக் கண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.